ஈயக்குண்டு

நேற்றுக் காற்று, படகு ஓடவில்லை.
இன்று ஓடியது. தராசை மடியில் அணைத்தபடி
இருபது நிமிடம் உப்புச் சாரலில் நனைந்து
நோல்சொய்த் தீவுக்கு வந்தேன்.
துறையில் ஒரு நாய், இரண்டு பீப்பாய்.
"இன்று எத்தனை கிலோ?" என்று
ஒவ்வொரு முறையும் கேட்பான் படகோட்டி யாக்குப்.
சொல்லமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும்.

கதவைத் தட்டுமுன்பே மரியுன் திறந்துவிட்டாள்.
அடுக்களை மேசையில் மாவு நிறுக்கும் தராசு.
பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட நாட்காட்டி,
அதன் முதுகு முழுக்க எண்கள்:
பால் குடிக்குமுன், குடித்தபின்,
இரவு இரண்டு மணி, மூன்றேகால், நாலரை.
புருஷன் கிரீன்லாந்துப் பக்கம் இறால் கப்பலில்.

ரோக்விக்கு ஏழு வாரம்.
உச்சிக்குழி விரல்நுனியின் கீழ் மெத்தென்று துடிக்கிறது.
இடுப்பு மூட்டுகள் சத்தமில்லாமல் விரிகின்றன.
சிவப்பு வளையத்தை ஆட்டிக் காட்டினேன்,
பாதி வழி கண்ணால் தொடர்ந்தான்,
அலுத்துப்போய் என் காதைப் பார்த்தான்.
நல்லது.
குப்புறப் போட்டதும் தலையைத் தூக்கினான்,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி
சட்டென்று கவிழ்த்துக்கொண்டான்.
அதுவும் நல்லது.

"காலுறை இருக்கட்டுமே, குளிர்" என்றாள்.
கழற்றினேன்.
சாம்பல் கம்பளிக்குள்ளிருந்து என் உள்ளங்கையில் விழுந்தது
தூண்டில் கயிற்றில் கட்டும் ஈயக்குண்டு.
அறுபது கிராம் இருக்கும்.
அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில்
தராசைக் கட்டைவிரலால் அழுத்திய அப்பன் உண்டு,
ஈரத் துணியோடு நிறுக்கச் சொன்னவள் உண்டு.
ஈயம் இதுதான் முதல்.
ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
சோப்பு போட்டு அவன் பாதத்தைக் கழுவினேன்.
அவள் கடலைப் பார்ப்பவள்போல் நின்றாள்.
அந்தப் பக்கம் கடல் இல்லை, சுவர்.

வெற்றுடம்பாய்க் கிடத்தினேன்.
நாலு கிலோ நூற்றுப்பத்து.
போன வாரமும் அதுதான்,
அதற்கு முந்தின வாரமும் ஏறக்குறைய அதுதான்.
நான் பேனாவை எடுப்பதற்குள்
வில்லாய் வளைத்து மூத்திரம் பெய்தான்:
என் கண்ணாடி, கோப்பு, மாவுத் தராசு, எல்லாம்.
எண் நாலு எழுபதுக்கு இறங்கியது.

மரியுன் சிரித்துவிட்டாள்.
சிரித்தாள், சிரித்தாள், நிறுத்த முடியவில்லை,
பிறகு அது சிரிப்பாக இல்லை.

கோப்பில் தாய்க்கென்று ஒரு பக்கம் உண்டு.
முதல் கேள்வியே, இந்த வாரம் சிரித்தீர்களா என்பதுதான்.
நாலு கட்டம் போட்டிருக்கிறார்கள்.
நான் எதில் குறியிட?

மூன்று மணிப் படகை விட்டேன்.
யாக்குப் ஒருமுறை சங்கு ஊதிப் பார்த்துவிட்டுப் போனான்.
முட்டை வேகவைத்தேன், நின்றபடியே மூன்று தின்றாள்.
கப்பலுக்கு அனுப்பும் செய்தியில்
எண்ணைக் கூட்டித்தான் எழுதுவாளாம்,
அங்கே அவன் நாலு எண்ணூறு இருக்கிறானாம்.
அவளைக் கேட்டு, அவள் காதுபடவே,
மருத்துவருக்கு போன் செய்தேன்:
நாளைக்கு இரண்டு பேர் வருவார்கள், இரண்டு பேரையும் பாருங்கள்.
மாவுத் தராசு என் பைக்குள் போனது.
அதையும் கேட்டுத்தான் எடுத்தேன்,
கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இப்போது வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.
ரோக்வி என் தோளில், கொட்டக் கொட்ட விழித்தபடி.
ஒற்றைக் கையால் எழுதுகிறேன்:
ரோக்வி, 4110, ஆடையின்றி.
தாய்க்குக் கட்டம் மிச்சமில்லை,
ஓரத்தில் பென்சிலால்:
மரியுன், ஒரு மணி நாற்பது நிமிடம், இன்னும் எழவில்லை.
குறட்டை உண்டு.