எழுதும் கை

டண்டெனோங் பள்ளி. நூலகத்தின் பின்னறை.
ஹீட்டர் முனகுகிறது.
முர்தசாவின் விரல்கள் பேனாவுக்கு இணங்காதவை;
அதனால் காலை ஒன்பதிலிருந்து
என் வலது கை அவனுடையது.

அவன் சொல்வதை மட்டும் எழுது.
திருத்தாதே. தலையாட்டாதே.
புருவம்கூட அசையக் கூடாது.

உயிரியல், ஏழாம் கேள்வி.
தமனி என்று வரவேண்டிய இடத்தில்
சிரை என்கிறான், உறுதியாக.
சிரை என்றே எழுதுகிறேன்.
பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரியில்
ரத்தம் எடுத்த கை,
இதற்குத் தெரியாதா எது சிரை?

கூடுதல் நேரம் தொடங்கிவிட்டது.
மற்றவர்கள் எழுந்து போய்
வெளியே பந்து தட்டுகிறார்கள்.
அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான், வெகுநேரமாய்.
நான் சுவரைப் பார்க்கிறேன்,
முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று.

"ஏழுக்குப் போங்க."
போனேன்.
"வாசிங்க."
வாசித்தேன், ஏற்ற இறக்கமில்லாமல்,
ரயில் நிலைய அறிவிப்பைப் போல.
சிரை வந்தது. போனது.

கொஞ்சம் யோசித்தான்.
"கடைசியில முற்றுப்புள்ளி விட்டுட்டேன்" என்றான்.

வைத்தேன்.
வீடு வரும்வரை அந்தக் கையை
கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.