தாசில்தாருக்கு மூன்று நாள்

பழமொழி சொன்னவர் தாய்க்கோழியைச் சொன்னார்.
கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாதாம்.
பெண்டிகோவில், ஈகிள்ஹாக் பக்கம், எங்கள் கொல்லையில்
தாய் யாருமில்லை.
துணி துவைக்கும் அறையில்
சிவப்பு பல்பு ஒன்றைத் தாயென்று நம்பி
ஏப்ரல் முழுக்க வளர்ந்த ஐந்து குஞ்சுகள்;
வெளியே, அவற்றைப் பெறாத ஆறு பேடுகள்.

பத்து வாரம் ஆகட்டும் என்றாள் கோமகள்.
அதற்குள் கழுத்து நீண்டு, வால் பாதி முளைத்து,
பத்தாம் வகுப்புப் பையன் மீசை மாதிரி
கொண்டை ஒன்று அரும்பி,
பார்க்கச் சகிக்கவில்லை.
இரண்டு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் போதும்,
பெண்பார்க்கும் படலம்தான்,
பஜ்ஜி மட்டும் இல்லை.
தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, தீனித் தொட்டி இரண்டு.
முட்டைக்கோழித் தீனியில் சுண்ணாம்பு அதிகம், குஞ்சுக்கு ஆகாது;
ஆகவே எல்லோருக்கும் குஞ்சுத்தீனி,
பெரியவர்களுக்குத் தனியே கிளிஞ்சல் தூள்.
எங்கள் கல்யாணப் பந்திக்குக்கூட
இவ்வளவு யோசித்ததில்லை.

தாசில்தார் வலையோரமே நின்றாள்.
கறுப்புப் பேடு. பேர் நான் வைத்தது:
தலையை ஒரு பக்கம் சாய்த்து
மனுவைப் படிக்காமலே தள்ளுபடி செய்கிற பார்வை.

வலையை எடுத்த சனிக்கிழமை
நாலு நிமிஷம் அமைதி.
ஐந்தாவதில்
சாம்பல் குஞ்சின் பின்மண்டையில் ரத்தம்.
சிவப்பு, மற்றவற்றுக்கு அழைப்பிதழ்.
சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
ஊதா மருந்து தடவியதில் என் விரலும் ஊதா,
ஓட்டுப் போட்ட விரல் மாதிரி.
இந்த ஊரில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

“இதை வைத்துப் புலம்பெயர்ந்தோர் கவிதை எழுதிவிடாதே”
என்றாள் கோமகள், பஞ்சைக் குப்பையில் போட்டபடி.
சரி.
கோழிகள் கோழிகள்தான்.

பக்கத்து வீட்டு டாரல்
வேலிமேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்:
குஞ்சை ஏன் தூக்குகிறாய், அவளைத் தூக்கு.
மூன்று நாள் ஆளைக் காணாவிட்டால்
நாற்காலி போய்விடும்.

நாய்க்கூண்டில் அடைத்து
குஞ்சுகள் வளர்ந்த அதே அறையில் வைத்தோம்.
சிவப்பு பல்பைக் கழற்றியாயிற்று.
முதல் நாள் கத்தினாள்.
இரண்டாம் நாள் முட்டையிட்டு, தானே உடைத்தாள்.
மூன்றாம் நாள் நான் துணி எடுக்கப் போனபோது
ஒரு சத்தமும் இல்லை.
பாதித் தக்காளி கொடுத்தேன்.
கோமகளுக்குச் சொல்லவில்லை.

அங்கே அதற்குள் புது ஆட்சி.
லேசாய் நொண்டும் பழுப்புப் பேடு,
நாங்கள் கணக்கிலேயே வைக்காதது,
தொட்டிக்கு முதலில் வந்தது. மற்றவை வழிவிட்டன.

செவ்வாய் இரவு எல்லோரையும்
ஒவ்வொருவராய்க் கம்பில் ஏற்றினோம்.
இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது;
விடிந்ததும், நேற்றும் இப்படித்தான் இருந்தோம் என்று
நினைத்துக்கொள்ளுமாம்.
குஞ்சுகள் ஐந்தும் ஒரு கோடியில்.
மறு கோடியில் தாசில்தார், பக்கத்தில் யாருமற்று.

நள்ளிரவு தாண்டி ரயில்பாதைப் பக்கம் நரி குரைத்தது.
டார்ச்சோடு போனேன்.
உறைபனியில் புல் நொறுங்கியது காலடியில்.
எண்ணினேன்: பத்து.
மறுபடியும் பத்து.
மூன்றாம் முறை,
தாசில்தாரின் இறக்கைக்கும் பலகைக்கும் நடுவே
ஊதா மண்டை ஒன்று.

அன்பு என்று சொல்ல மாட்டேன்.
மைனஸ் இரண்டு டிகிரி.
அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்,
இந்த முறை மனுவைப் படிக்கிறவள் மாதிரி.

காலையில் கதவு திறந்ததும்
கொத்தினாள்.
குஞ்சு இரண்டடி தள்ளிப் போய்
அங்கேயே மேய்ந்தது.