தண்ணி வருதா

ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பாடத்தை ஒன்றரை வேகத்தில் ஓடவிடுவேன்.
சொல்லித் தருகிறவருக்கு முகம் கிடையாது,
குரலும் ஒரு மஞ்சள் அம்புக்குறியும்தான்.
பன்னிரண்டாவது வீடியோவில் இருமுகிறார்,
வெட்டாமல் விட்டிருக்கிறார்.
அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பதிவு செய்யும்போது குடும்பப் பெயர் கேட்டது,
சிவப்பு நட்சத்திரம் போட்டு, கட்டாயம் என்று.
எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அது இல்லை.
என் பெயரையே இன்னொரு தரம் அடித்தேன்.
அன்றிலிருந்து
'வணக்கம் ஒச்சம்மா ஒச்சம்மா' என்கிறது,
முதல் தரம் கூப்பிட்டது காதில் விழாத மாதிரி.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்
மூன்று நாளைக்கு ஒரு முறை,
அல்லது நான்கு,
அல்லது வால்வு திறக்கிற பெத்தணன்
மச்சினன் வீட்டு விசேஷத்திலிருந்து எப்போது திரும்புகிறாரோ அப்போது.
விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயில் காதை வைப்போம்.
புஸ்ஸென்று காற்று வந்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர்.
காற்றோடு முடிந்துபோன இரவுகளும் உண்டு.

அதற்காகத்தான் ஒரே ஒரு பக்கம் செய்தேன்.
மெனு இல்லை, படம் இல்லை,
எங்கள் பிளாஸ்டிக் குடத்தின் பச்சை நிறத்தில்
பெரிய எழுத்தில் ஒரு சொல்.

கேட்டால் எழுதித் தருகிற கருவி இருக்கிறதே இப்போது,
அதனிடம் கேட்டேன்.
'குடிநீர் விநியோகம் தற்சமயம் செயல்பாட்டில் உள்ளது'
என்று எழுதிக் கொடுத்தது.
அழித்துவிட்டு
'வருது' என்று போட்டேன்.

தவறு நாற்பத்தேழாவது வரியில் என்றது.
போய்ப் பார்த்தால் நாற்பத்தேழு, பாவம், சுத்தமாக இருக்கிறது.
முப்பத்தொன்றில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு
மூடாமல் வந்திருக்கிறேன்.
இரண்டு ராத்திரி போனது அதற்கு.
பெத்தணனைத் திட்டுவதை
அந்த வாரத்திலிருந்து கொஞ்சம் குறைத்தேன்.

பத்து நாள் என் கணினிக்குள்ளேயே ஓடியது.
லோக்கல்ஹோஸ்ட் என்பார்கள்,
வெளியாள் யார் தட்டினாலும் திறக்காது.
எனக்கு மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது,
ஒரு சொட்டு இல்லாத செவ்வாய்க்கிழமையிலும்.

பிறகு இலவச சர்வரில் ஏற்றினேன்.
கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால்
தூங்கிவிடும் அது.
தட்டி எழுப்பினால் சோம்பல் முறிக்க ஒரு நிமிடம்.
முதல் நாள் பதினொரு பேர்.
மூன்றாம் வாரம் அறுபத்து நான்கு.
அதில் ஒருவர் டப்ளினில் இருந்து தவறாமல் பார்க்கிறார்.
விசாரித்தால், கடைசி வீட்டு எஸ்தர் டீச்சரின் மகன்.
அங்கே பொழுது சாய்ந்து ரொம்ப நேரம்; தூங்கப்போகும்முன் திறந்து பார்த்து
'வருது' என்றிருந்தால்
அம்மாவுக்குப் போன் போட்டு எழுப்புகிறானாம்,
மோட்டார் போடச் சொல்லி.

எல்லாம் சரி,
சொல்லை மாற்றுகிற பொத்தானை யார் அழுத்துவது?
அதை நான் யோசிக்கவே இல்லை.
டேங்க் அடியில் பீடியை மிதித்து அணைத்துவிட்டு
போனை வாங்கிப் பார்த்தார் பெத்தணன்.
'வருது', 'வரலை'. ரெண்டுதானா?
ரெண்டுதாண்ணே.
மூணாவது ஒண்ணு போடும்மா.
என்னன்னு?
'கரண்ட் இல்ல, என்னை வையாதீங்க.'

உண்மை, பொய் என்ற இரண்டை வைத்து
மொத்தத்தையும் கட்டியிருந்தேன்.
மூன்றாவதை நுழைக்க
அடியிலிருந்து பிரிக்க வேண்டும்.
முகமில்லாதவரின் பதினாறாவது வீடியோவை
இந்த முறை மெதுவாக ஓடவிட்டேன்.

சான்றிதழ் நேற்று வந்துவிட்டது.
ஒச்சம்மா ஒச்சம்மா, தங்க எழுத்தில்.
கலர் பிரிண்ட் பத்து ரூபாய்,
எனக்கு நானே பில் போட்டுக் கல்லாவில் வைத்தேன்.

மூன்றாவது பொத்தான் இன்னும் சரியாகவில்லை.
அழுத்தினால் பக்கம் வெள்ளையாகி நிற்கிறது.
அப்படியும் அழுத்துகிறார் பெத்தணன்,
கரண்ட் போன ராத்திரியெல்லாம்.
வெள்ளையைப் பார்த்தால்
தெருவுக்கு இப்போது புரிகிறது.