கிளைக்கு அந்தப் பக்கம்

ஒரே ஆளிடம்தான் வாங்கினேன் இரண்டையும்.
ஒஸ்ட்ராவாவுக்கு வெளியே, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால்,
பிப்ரவரிப் பனிச்சேற்றில் வண்டியை அணைக்காமலே
ஸ்திபோர் இரண்டு துணிப்பைகளை நீட்டினான்,
கூடவே இரண்டு தாள்கள்.
இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே வரி:
கூண்டில் பிறந்தது.

பட்டாணிக்கு அது பொருந்தியது.
பை திறந்ததும் ஒரு கண்ணால் என் விரலையும்
இன்னொன்றால் சமையலறை விளக்கையும் அளந்துவிட்டு
விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி
உயரம் முடிந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.
என்னைப் பிடித்துவிட்டது அதற்கு என்று
டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.
பிடித்தது உயரம்தான்.
பரவாயில்லை. இருபது வருடமாக
என் டிராமில் ஏறுகிறவர்கள் யாரும்
என் முகத்துக்காக ஏறியதில்லை.

மற்றதற்கு இன்னும் பெயரில்லை.
மூன்று பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.
நான் கிட்டே போனால்
எனக்கும் தனக்கும் நடுவே கிளையை வைத்துக்கொள்ளும்.
நான் ஓரடி சுற்றினால் அதுவும் ஓரடி சுற்றும்.
பட்டையை இடுக்கிய நகங்கள் மட்டும் தெரியும் எனக்கு.
கதவைத் திறந்துவிட்டாலோ
உடம்பைத் தகடாக்கி, வாய் பிளந்து,
சுட்ட கத்தரிக்காயின் தோல் நிறத்துக்கு வந்து
சீறும்.

டிப்போவில் மேலாளரைப் பச்சோந்தி என்று திட்டுவோம்.
எங்களுக்குத் திட்டத் தெரியவில்லை.
இது எதையுமே மறைக்கத் தெரியாத பிராணி.

பட்டாணிக்குச் சாப்பாடு என்றால் கோப்பை.
வெட்டுக்கிளி கோப்பைக்கு வெளியே குதித்துவிட்டால்
கிழிந்த டிக்கெட்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.
மற்றது கோப்பையை மதித்ததே இல்லை, மெலிந்துகொண்டே வந்தது.
ஏப்ரலில் ஜன்னல் வழியாக ஓர் ஈ வழிதவறி வந்தது.
ஈ இருந்த இடத்தில் ஈ இல்லை.
நாக்கை நான் பார்க்கக்கூட இல்லை.

மேல்மாடி யர்மிலா சொன்னாள்:
"ஒன்று சாது, ஒன்று முரடு.
பிள்ளைகளில் இல்லையா, அப்படித்தான்."
நானும் தாளை எடுத்துக் காட்டி ஆமாம் என்றேன்.

டாக்டர் ஹோலுபோவா தாளைப் படிக்கவில்லை.
எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி
நுண்நோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள்.
"நான்கு விதப் புழு.
இதில் இரண்டு நம் ஊர்க் கூண்டுகளில் கிடைக்காது."
பிறகு பின்னங்காலை மெல்ல விரித்தாள்.
கணுவுக்கு மேலே, தோல் மூடிய ஒரு வளையம்.
"நூல் கட்டியிருக்கிறார்கள்.
மடகாஸ்கராக இருக்கும். எப்படிப் பிடிப்பார்கள் தெரியுமா?
இரவில். தூங்கும்போது இவை வெளுத்துப்போகும்.
டார்ச் அடித்தால் இலைகளுக்கு நடுவே
தாள் துண்டு மாதிரி தெரியும். பறித்துக்கொள்ளலாம்."

பறித்துக்கொள்ளலாம்.

எட்டாம் எண் டிராமைக் கொண்டுபோய் விட்டுவிட்டு
இரவு ஒன்றரைக்கு வீட்டுக்கு வருவேன்.
ஷூவைக்கூடக் கழற்றாமல்
போன் வெளிச்சத்தைக் கூண்டுக்குள் அடித்து
இரண்டும் நலமா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.
மூன்று மாதம். ஒரு நாள் தவறாமல்.
பட்டாணி கண்ணைத் திறக்காது.
மற்றது
கிளைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.
அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன், என்னுடையதை.

ஸ்திபோரின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

புழுமருந்து மூன்று தவணை. கூண்டின் மூன்று பக்கமும்
பழைய திரைச்சீலை. இரவில் போனைப் பையிலேயே விட்டு
இருட்டில் தடவித் தடவிப் படுக்கைக்குப் போகிறேன்.
நேற்று நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டேன்.
நல்ல நீலம். இன்னும் மாறவில்லை.

இன்று காலை சொட்டுக்குழாயைத் திறந்துவிட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றேன்.
பட்டாணி தோளில், என் காதைக் கிளையென்று பிடித்தபடி.
எதிரே கெட்டில்.
ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது தெரியக்
கண்ணாடித் துண்டு ஒன்று போதும்.
கெட்டிலின் வயிற்றில், கோணலாக, விரல்நுனி அளவுக்கு,
அது கிளைக்கு இந்தப் பக்கம் வந்தது.
தலையை நிமிர்த்தி ஒரு சொட்டு.
காத்திருந்தது.
இன்னொரு சொட்டு.

ரொட்டியை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.