கவாத்துக் கத்தி

இருதயராஜைக் கிழித்தது கத்தியல்ல.
கடன் கேட்டு நின்றவன் கையிலிருந்த
காலி பாட்டில்.
பதினேழு தையல்.
நடுவட்டம் ஏற்றத்தில் ஆம்புலன்ஸ் முனகிக்கொண்டிருந்தபோது
கல்லாவைப் பூட்டினீர்களா என்று கேட்டாராம்.

ஊட்டியில் சங்கக் கூட்டம்.
கடை சூப்பர்வைசர்களுக்குத்
துப்பாக்கி உரிமம் கோரித் தீர்மானம்.
கை தூக்கினேன்.
ஸ்வெட்டர் அக்குளில் கிழிந்திருந்தது.
எதிர்த்தவர் போஜன் ஒருவர்தான்:
"பறிக்க வர்றவனுக்கு இப்பப் பணம் மட்டும் கிடைக்குது.
இனித் துப்பாக்கியும் கிடைக்கும்."
சிரித்தோம்.
சிரித்துவிட்டு நிறைவேற்றினோம்.

உரிமம் வரும்வரை இருக்கட்டுமென்று
தேவாலாவில் ஒரு கவாத்துக் கத்தி வாங்கினேன்.
நானூற்று இருபது ரூபாய்.
தேயிலையை இடுப்புக்குக் கீழே இறக்குவதும் கவாத்து,
போலீஸ் மைதானத்தில் கால் மாற்றி வைப்பதும் கவாத்து.
எனக்கு இரண்டும் வராது.
நான் எம்.எஸ்சி. தாவரவியல்.

பத்து மணி. ஷட்டர். இரண்டு பூட்டு.
சோற்று டப்பாவுக்கு அடியில்
ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூறு.
அதன்மேல் துணி சுற்றிய கத்தி.
நாடுகாணிப் பாதையில் பனி இறங்கி
மூக்குக்கண்ணாடியை நக்கிவிட்டுப் போனது.
முன்னால்
கண்ணாடியோடு கண்ணாடி உரசும் சத்தம்.

யானையென்றால் சத்தமே இருக்காது.
இது மனிதன்.

பைக்குள் கை விட்டேன்.
பிடி எது, வாய் எது,
விரல்களுக்குத் தெரியவில்லை.

"சாரே, கட அடச்சோ?"

வெளுக்கன். தோளில் கோணிச்சாக்கு.
குடித்தவர்கள் சரிவில் வீசியதையெல்லாம் பொறுக்கி வந்திருக்கிறான்.
திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்குப் பத்து ரூபாய்.
"நாற்பத்தொண்ணு. எண்ணியாச்சு. நாளைக்குத் தரேன்."
பிறகு குனிந்து பார்த்து,
"சாரே, சோர."

உள்ளங்கையில் இரண்டு அங்குலம்.
ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் மூன்றில் கறை,
ஒன்று குறுக்கே இரண்டாகி.
வங்கியில் பேச்சு வளரவேண்டாமென்று
என் சம்பளத்திலிருந்து கட்டினேன்.

அவன் கத்தியையும் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
எப்போதும் எனக்கு முன்னால் நடந்து
வழியில் யானை நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன்
அன்றைக்கு
முக்குவிளக்கு வரும்வரை பின்னாலேயே வந்தான்,
ஆறடி விட்டு.
இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே வந்து
சாக்கை வைத்துவிட்டுப் போகிறான்.

உரிமப் படிவம் வந்திருக்கிறது.
பெயர், தகப்பன் பெயர், முகவரி எழுதிவிட்டேன்.
யாரால் ஆபத்து என்று ஒரு கட்டம்.
பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி,
கடைசியில் இருதயராஜுக்குப் போன் போட்டு
எல்லாவற்றையும் சொன்னேன்.

வெகுநேரம் இருமினார்.
இருமினால் தையல் இழுக்குமாம்.

"உனக்குக் கிழிஞ்சது கை.
நீயே கிழிச்சுக்கிட்டது.
அந்தக் கட்டத்தை நீ சும்மா விடலாம்ப்பா.
எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு,
என் கட்டத்துக்குப் பேர் இருக்கு."

ஷட்டரை இறக்கினேன்.
படிவம் டப்பாவுக்கு அடியில், பணத்தோடு.
கட்டுப்போட்ட கையால்
இரண்டாவது பூட்டு லேசில் விழவில்லை.