ரசீதுப் புத்தகம்

நூறு தாள். கார்பன் வைத்து எழுத வேண்டும்.
ஒரு பீடிக்கு இருநூறு ரூபாய் அபராதம்.
இரவுப் பணிக்கு வருகிறவர்
சாவிக்கொத்தோடு இதையும்
கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
ஊசி போடுகிற கைக்கு இந்த வேலை எதற்கென்று
ரெஜினா சிஸ்டர்தான் கேட்டாள்.
கேட்டுவிட்டு அவளும் கையெழுத்திட்டாள்.

தையல்நாயகிக்குத் தடை பிடித்திருந்தது.
முன்பெல்லாம் விடியக்காலை
பிரசவ வார்டு வாசலிலிருந்து
மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை
குனிந்து குனிந்து பொறுக்குவாள்.
இப்போது எல்லாத் துண்டும்
பிணவறைப் பின்சுவரோரம் கிடக்கிறது.
"எண்ணிக்கை கொறயல சிஸ்டர்.
ஆனா ஒரே எடத்துல கெடக்குறது
முதுகுக்கு நல்லது."

டாக்டர் இளஞ்சேரன்
கருத்த நுரையீரலைத் திரையில் காட்டி
அரை மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார்.
ரவுண்ட்ஸ் முடிந்ததும்
பாமணி ஆற்றுப் பாலம்வரை
காரை ஓட்டிக்கொண்டு போவார்.
திரும்பி வரும்போது ஏலக்காய் மணக்கும்.
நான் குறை சொல்லவில்லை.
ஆற்றில் பலகை கிடையாது.

எங்களிடமும் கருத்துக் கேட்டு
படிவம் ஒன்று வந்தது.
ஆம். இல்லை. சொல்ல இயலாது.
ஆம் என்று குறித்தேன்.
ஒன்பதாம் கட்டிலில்
அரிசி ஆலை உமித்தூசியும்
நாற்பது வருடச் சுருட்டும்
சேர்ந்து அடைத்த நெஞ்சு
மீன் செதிள்போல் ஏறி இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே குறித்தேன்.
அந்த மனிதர்
ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து கழற்றித்
தலையணையில் பத்திரமாக வைத்துவிட்டுக்
கழிவறைக்குப் போவார்.
தீப்பெட்டி இடுப்பில். சிலிண்டர் பக்கத்தில்.
ஆம் என்பதில்
இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

ஐப்பசி. அடைமழை.
கோட்டூர்ப் பக்கத்திலிருந்து
நூற்றியெட்டில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள்.
பத்தொன்பது வயது.
சம்பாவுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தைக்
குடித்திருந்தாள். என்ன காரணமோ.
வயிற்றைக் கழுவினோம்.
ஊசிமேல் ஊசி.
கண்மணி விரிகிறதா, விரிகிறதா என்று
டார்ச் அடித்தே மணி இரண்டாகிவிட்டது.

அப்போதுதான் வாட்ச்மேன் பக்கிரிசாமி வந்து சொன்னார்:
"பொணவறைக்கிட்ட ஒரு ஆளு. புத்தகத்த எடுத்துக்கிட்டு வாங்க."

குடையின் கீழ் புத்தகம் பிரித்து
தேதி எழுதினேன். இடம் எழுதினேன்.
நேரம் எழுதினேன்.
பெயர் கேட்குமுன்பே
வேட்டி மடிப்பிலிருந்து
நனைந்த இரண்டு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
"கட்டிட்டா பிடிச்சிக்கலாமாம்மா?"

கிண்டல் இல்லை.
பஸ்ஸுக்கு டிக்கெட் கேட்கிற குரல்.

பதில் என்னிடம் இருந்தது.
படிவத்திலேயே குறித்த பதில்.
அதற்குள் காற்று திரும்பி
என் மேலங்கியிலிருந்த மருந்து வாடை
அவரிடம் போயிற்று.
அவருக்குத் தெரிந்த வாடை.
அவரே கடன் சொல்லி வாங்கிய புட்டி.
பீடி தானாக அணைந்தது, மழையில்.
அவர் அதைக் கீழே போடவில்லை,
பையில் வைத்துக்கொண்டார்.
"புள்ள பேசுச்சா?"
"இன்னும் இல்ல. நாடி பிடிக்குது."
புத்தகத்தை மூடினேன்.

காலையில் குமாஸ்தா சொன்னார்,
எண் போட்ட தாளைக் காலியாக விடக்கூடாதாம்,
தணிக்கையில் மாட்டுமாம்.
என் பையிலிருந்து இருநூறு கட்டினேன்.
தாளில் இருந்த ஒரே பெயர்
கீழே நான் போட்ட கையெழுத்து.
அதையே எழுதிக்கொண்டார்.

மருத்துவமனை வளாகத்தில் புகைபிடித்தோர்,
ஐப்பசி மாதப் பட்டியல்,
வெளிநோயாளிகள் வாசலில் ஒட்டியிருக்கிறது.
ஏழாவது பெயர் நான்.
தையல்நாயகி என்னையே படித்துக்காட்டச் சொல்லி
துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.
அந்தப் பெண் அன்று
அரை தம்ளர் கஞ்சி குடித்தாள்.