சிவப்புத் தடி

கடிதத்தைக் கிராம சேவகர் கொண்டுவரவில்லை.
மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் வந்தார்.
ஒழுங்கை முழுக்க வேலியோரம் வந்து பார்த்தது.
"கையெழுத்து வையுங்கோ, யூரராக் கூப்பிட்டிருக்கு."
என்ன யூரர் என்று நான் கேட்பதற்குள்
மாமி உள்ளே போய்
என் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கியிருந்தார்.

வவுனியா மேல் நீதிமன்றம். மின்விசிறி சுற்றியது, காற்று இல்லை.
ஒரு மரப்பெட்டிக்குள் எங்கள் பெயர்கள், மடித்த துண்டுகளாக.
முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர்.
வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லத் தேவையில்லையாம்.
குடையை வாங்கிலேயே விட்டுவிட்டுப் போனார்.
நான்காவது துண்டு: "நவரத்தினம் தர்மினி."
கடைசியாக என் பெயரைப் பட்டியலில் இருந்து வாசித்தபோது
எனக்குப் பத்தொன்பது வயது,
முள்வேலிக்கு உள்ளே நின்றேன்.
அன்றைக்குப் போலவே எழும்பினேன்,
இரண்டு கையையும் உயர்த்தி.
"கையை இறக்குங்கோ" என்றார் பதிவாளர், சிரிக்காமல்.

தம்பி அண்ணனை அடித்துக் கொன்றான் என்பது வழக்கு.
வாய்க்கால் தண்ணீர். இரவு பதினொரு மணி. மண்வெட்டிப் பிடி.
கண்டவர் ஒருவர், டோர்ச் வெளிச்சத்தில்.
டோர்ச்சுக்குள் எத்தனை பட்டரி,
எப்போது மாற்றியது என்று கேட்டே ஒரு முற்பகல் போனது.
கூண்டில் நின்றவனுக்கு மூன்று நாளும் ஒரே சேட்டு,
இரவில் தோய்த்து, காய்ந்தும் காயாமலும்.
அவனை அங்கே எதிரி என்றுதான் சொல்கிறார்கள்.
அந்தச் சொல்லை நான் வேறு விதமாகக் கேட்டு வளர்ந்தவள்.

நான் கண்ணிவெடி எடுக்கிறவள். பன்னிரண்டு வருஷம்.
முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலத்துக்கு.
கருவி கத்தினால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தரம்
ஆணி, சன்னக்கோது, மீன் ரின்.
ஆனாலும் ஒவ்வொன்றையும் வெடி என்றே எண்ணித் தோண்ட வேண்டும்.
எண்ணாத இரண்டு பேரை எனக்குத் தெரியும்.
ஒருத்தி இப்போது தையல் வேலை செய்கிறாள்,
ஒற்றைக் காலால் மிதித்து.

நீதிபதி எங்கள் பக்கம் திரும்பி
மெதுவாக, இரண்டு தரம் சொன்னார்:
நியாயமான சந்தேகம் இருந்தால்
அதன் பலன் எதிரிக்கே.
எங்கள் வேலையில் சந்தேகம் என்றால் வெடி.
இங்கே சந்தேகம் என்றால் விடுதலை.
ஒரு தலைக்குள் இரண்டையும் எங்கே வைப்பது?

அன்று பின்னேரம் பஸ்ஸில் இடமில்லை.
கம்பியைப் பிடித்து நின்றேன்.
"பையைத் தாங்கோ பிள்ளை" என்று
கீழே இருந்தவர் வாங்கி மடியில் வைத்தார்.
ஓமந்தையில், பழைய சோதனைச்சாவடி இருந்த வெளியில்,
எதிர் லொறியின் வெளிச்சம் விழ முகத்தைக் கண்டேன்.
செத்தவனின் தாய்.
கூண்டில் நிற்பவனின் தாயும் அவர்தான்.
வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.
பைக்குள் வெறும் சோற்றுப்பெட்டி,
அதன்மேல் அவருடைய இரண்டு கையும்.
கனகராயன்குளத்தில் எட்டி நீட்டினார்.
"பாரமில்லை" என்றார்.
அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

ஏழு பேருக்கு ஒரு அறை, ஆறு கதிரை.
அரிசி ஆலைக்காரரை முதல்வராக்கினோம்.
முகத்தைப் பார்க்கவே தெரியுதாம் அவருக்கு.
ஒருவர் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்பட்டார்.
நான் பட்டரியைப் பற்றிக் கேட்டேன், திரும்பவும் கேட்டேன்.
ஐந்துக்கு இரண்டு.
ஐந்து என்ன சொன்னது என்று ஊருக்கே தெரியும்.
நான் ஐந்திலா இரண்டிலா என்பது
மாமிக்கும் தெரியாது.
படிக்காசுக்குக் கையெழுத்து வைத்து,
தபாலதிபரின் குடை இன்னும் வாங்கில் கிடந்ததைப் பார்த்து,
வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை முகக்கவசம், முழங்கால், வெயில்.
பாலைமரத்தடியில் கருவி கத்தியது.
சிவப்புத் தடி ஊன்றி, பக்கவாட்டால் சுரண்டி,
ஒன்றரை மணித்தியாலம்.
நெளிந்த ஒரு கரண்டி.
"சரி, வெள்ளைத் தடி வை" என்றார் மேற்பார்வையாளர்.
நான் வைக்கவில்லை.
அதே மண்ணில் கருவியை இன்னொரு தரம் பிடித்தேன்.
பிறகும் ஒரு தரம்.
சத்தம் இல்லை.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.